பாண் பூஞ்சணமும் அம்மாவின் குளிசையும்

(இணையவழி நேரலைச் சந்திப்பொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்தத் தொடரில் எனக்கு முன்பு பேசியவர்கள் நாவல், கவிதை, நாடகம் என்று பேசினார்கள். எனக்கு அந்தப் படிப்பில்லை. தாதியர் பயிற்சிக் கல்லூரியில் வாங்கிய டிப்ளோமாவும், பிறகு நோர்வேக்கு வந்து மொழி படித்து அதையே இன்னொரு முறை நிரூபித்த கடதாசியும்தான் என்னிடம் இருக்கின்றன. ஒழுங்குபடுத்திய தம்பி, "அக்கா, ஒவ்வொரு நாளும் உங்கள் கையில் படுகிற ஏதாவதொரு பொருளின் வரலாற்றைச் சொல்லுங்கோ" என்றார். காலை 8 மணிக்கு மருந்துத் தள்ளுவண்டியோடு நான் போகும்போது அதில் கட்டாயம் இருப்பது பிரெட்னிசொலோன். வெள்ளை நிறம், கைவிரல் நகத்தின் பாதிகூட வராத குளிசை. வாதம், ஆஸ்மா, தோல் அழற்சி, மாற்றுச் சிறுநீரகம் என்று எத்தனையோ பேருக்கு அதைத்தான் கொடுக்கிறோம்.

ஆனால் இதைத் தெரிவு செய்ததற்கு வேலை மட்டும் காரணமல்ல. அதைக் கடைசியில் சொல்லலாம் என்றுதான் எழுதி வைத்திருந்தேன். முதலே சொன்னால்தான் மற்றக் கதை எனக்குச் சரியாக வரும் போலிருக்கிறது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து புறப்பட்ட சனத்தில் நாங்களும் இருந்தோம். எனக்கு 14 வயது. அம்மாவுக்கு முடக்குவாதம், விரல் மொழிகள் வீங்கி, பிளேன்ரீக் கோப்பையைக்கூட இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துத்தான் தூக்குவா. வருடக்கணக்காகப் பிரெட்னிசொலோன் போட்டுக்கொண்டிருந்தா. நாவற்குழிப் பாலத்தைக் கடக்க விடிந்துவிட்டது. மழை. அந்த நெரிசலில் குளிசைகள் இருந்த பை எங்கே விழுந்தது என்று இன்றைக்கும் தெரியாது. ஒரு கோயில் மண்டபத்தில் தங்கியிருந்தபோது மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அம்மா சத்தியெடுக்கத் தொடங்கினா. எழும்ப முடியவில்லை; எழும்பினால் கண் இருட்டிக்கொண்டு விழுந்தா. களைப்பு, பசி, குளிர் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பக்கத்துப் பாயில் இருந்த ஓய்வுபெற்ற அப்போதிக்கரி ஐயா ஒருவர் வந்து நாடி பிடித்துப் பார்த்துவிட்டு ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: "பிள்ளை, அம்மா என்ன குளிசை போட்டவ? எப்ப விட்டவ?"

அன்று பின்னேரம் அவர் எங்கேயோ போய் ஒரு ஊசி மருந்துக் குப்பியோடு வந்தார். ஹைட்ரோகோர்ட்டிசோன். ஊசி போட்டு ஓரிரு மணித்தியாலத்தில் அம்மா எழும்பியிருந்து தண்ணீர் கேட்டா. என்னவென்று விளங்கியது நான் பயிற்சிக் கல்லூரிக்குப் போன பிறகுதான். சிறுநீரகங்களுக்கு மேலே தொப்பி போல இருக்கும் அதிரினல் சுரப்பி, வெளியிலிருந்து நெடுநாள் ஸ்டெரொய்ட் வந்தால் தன் வேலையை நிறுத்தி உறங்கிவிடும். குளிசையைத் திடீரென்று விட்டால் அது உடனே விழித்துக்கொள்ளாது. இரத்த அமுக்கம் விழுந்து ஆள் போகவும் கூடும். ஸ்டெரொய்டைத் திடீரென்று நிறுத்தாதே என்பது முதல் வருடத் தாதிக்கே சொல்லிக்கொடுக்கும் பாடம். அதை நான் புத்தகத்தில் படிக்கும் முன்பே மண்டபத் தரையில் பார்த்திருந்தேன்.

அந்தச் சின்னக் குளிசை எங்கேயிருந்து வந்தது என்ற கேள்வி அன்றைக்குத் தொற்றியதுதான்.

கதை அமெரிக்காவில், மின்னசோட்டா மாநிலத்து ரொச்செஸ்டரில், மேயோ கிளினிக்கில் தொடங்குகிறது. பிலிப் ஹென்ச் என்ற வாத நோய் வைத்தியர் 1929இல் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். முடக்குவாதக்காரர் ஒருவருக்கு மஞ்சட்காமாலை வந்தது. வந்ததும் மூட்டு வலி குறைந்துவிட்டது. பிறகு கர்ப்பிணிகளிடமும் இதைப் பார்த்தார். உடலுக்குள்ளேயே ஏதோ ஒரு பொருள் இந்த நோயை அடக்குகிறது என்று எண்ணி, அதற்குப் பெயர் தெரியாததால் 'பொருள் எக்ஸ்' என்று வைத்துக்கொண்டார். அதே இடத்தில் எட்வர்ட் கெண்டல் என்ற இரசாயனவியலாளர் மாடுகளின் அதிரினல் சுரப்பிகளிலிருந்து ஒவ்வொரு சேர்வையாகப் பிரித்தெடுத்து ஏ, பி, ஈ, எஃப் என்று எழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அதில் 'ஈ' தான் பின்னால் கோர்ட்டிசோன் ஆனது.

சுரப்பியிலிருந்து கிடைப்பது மிகவும் சொற்பம். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் விமானிகளுக்கு அதிரினல் சாறு ஏற்றுகிறார்களாம், அதனால் அவர்கள் மிக உயரத்தில் பறக்கிறார்களாம் என்று ஒரு வதந்தி கிளம்பியது. வெறும் வதந்திதான். ஆனால் அதை நம்பி அமெரிக்க அரசாங்கம் இந்த ஆராய்ச்சிக்கு முன்னுரிமை கொடுத்தது. போர்க்காலத்து வதந்திகளோடு வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு வதந்தியாவது மருந்தாக முடிந்ததில் எனக்குச் சந்தோஷம்.

மேர்க் கொம்பனியில் லூயிஸ் சரெட் என்ற இளைஞர் மாட்டுப் பித்தத்திலிருந்து தொடங்கி ஏறத்தாழ 36 படிகளில் கோர்ட்டிசோனைச் செய்துவிட்டார். 1944இல் முதல் தடவை கிடைத்தது சில மில்லிகிராம்கள்தான். பிறகு மேர்க் அதைக் கொஞ்சம் பெருப்பித்து, கிடைத்த சிறு அளவை மேயோவுக்கு அனுப்பியது. 1948 செப்டெம்பர் 21ஆம் திகதி 29 வயதுப் பெண் ஒருவருக்கு ஹென்ச் குழுவினர் முதல் ஊசியைப் போட்டார்கள். கட்டிலில் புரண்டு படுக்கவே இயலாமலிருந்தவர். சில நாட்களில் விறைப்பு விட்டது. ஒரு வாரத்தில் நகருக்குப் போய் மூன்று மணித்தியாலம் கடைகளில் திரிந்துவிட்டு வந்தார். 1950இல் ஹென்ச்சுக்கும் கெண்டலுக்கும் சுவிற்சர்லாந்தின் ரைக்ஸ்ரைனுக்கும் நோபல் பரிசு.

இந்த இடத்தில் ஒரு பெயரைச் சொல்லாமல் போக மாட்டேன். செயின்ற் மேரீஸ் மருத்துவமனையில் அந்த வாத நோயாளர்களைப் பார்த்த பொறுப்புத் தாதி, கன்னியாஸ்திரி சிஸ்டர் பன்ரலியோன். ஹென்ச் தன் பரிசுப் பணத்தில் ஒரு பங்கை அவருக்குக் கொடுத்தார், ரோமாபுரிக்குப் போய்வருவதற்கு. நோயாளி எத்தனை மணிக்குப் புரண்டார், கோப்பையை எந்தக் கையால் பிடித்தார் என்று கட்டிலருகே நின்று பார்ப்பது தாதிதான். அதை மறக்காத வைத்தியரை எனக்குப் பிடிக்கும். அப்படியானவர்களை என் சேவைக்காலத்தில் ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம்.

ஆனால் விலை? 1949இல் கோர்ட்டிசோன் ஒரு கிராம் 200 டொலர். நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் போட்டார்கள். பத்து நாள் வைத்தியத்துக்கு 200 டொலர் வேண்டும். சாதாரணக் குடும்பம் எப்படிக் கட்டும்? எங்கள் அம்மா மாதிரி ஒருத்தி இதைக் கனவிலும் பார்த்திருக்க முடியாது.

ஏன் அவ்வளவு விலை என்பதை எனக்கு விளங்கின மாதிரிச் சொல்கிறேன். ஸ்டெரொய்ட் என்பது ஒட்டிக்கிடக்கும் நான்கு வளையங்கள், அவற்றில் 17 காபன் அணுக்கள். ஒரு ஒழுங்கையில் 17 வீடுகள், ஒவ்வொன்றுக்கும் இலக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோர்ட்டிசோன் வேலை செய்ய 11ஆம் வீட்டில் ஒரு ஒட்சிசன் குடியிருக்க வேண்டும். மாட்டுப் பித்த அமிலத்தில் ஒட்சிசன் இருப்பது 12இல். அடுத்த வீடுதானே என்று நினைப்போம். அதைக் கிளப்பி 11இல் குடியமர்த்துவதற்கே அந்த 36 படிகளில் கணிசமான பங்கு செலவானது. வேறு மூலப்பொருட்களில் 11 வெறும் வீடு. பிடித்து ஏற அருகில் ஒரு கொழுக்கியும் கிடையாது. இரசாயனப் பொருளைக் கொதிக்க வைத்து ஊற்றினால் அது இலக்கம் பார்த்துத் தட்டாது, கண்ட கதவெல்லாம் தட்டும்.

இலக்கம் பார்த்துத் தட்டத் தெரிந்தவை நொதியங்கள். தான் செலவாகாமல் ஒரு தாக்கத்தை விரைவாக்கும் பொருளை ஊக்கி என்கிறோம். உயிருள்ளவற்றில் அந்த வேலையைச் செய்யும் புரதம்தான் நொதியம். 'என்சைம்' என்ற சொல்லை 1870களில் உண்டாக்கியவர் ஜேர்மனியரான வில்ஹெல்ம் கூனே. கிரேக்கத்தில் அதற்குப் 'புளித்த மாவுக்குள்' என்று பொருள். வேதாகமத்தில் ஒரு பெண் மாவுக்குள் ஒளித்து வைக்கும் புளிப்பைப் பற்றி ஓர் உவமை வரும். ஞாயிறு பாடசாலையில் அதைக் கேட்டபோது, அப்ப மாவுக்கு அம்மம்மா கள்ளு விட்டு இரவு மூடி வைப்பதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இரண்டும் ஒன்றுதான். உயிருள்ள மதுவம் இல்லாமல் நொதிக்காது என்றே 19ஆம் நூற்றாண்டின் பெரிய மனிதர்கள் பலர் நம்பினார்கள். 1897இல் எட்வர்ட் பூக்னர் மதுவத்தை மணலோடு போட்டு அரைத்து, பிழிந்து, கலம் ஒன்றுமில்லாத சாறெடுத்தார். அது கெட்டுப்போகாதிருக்கச் சீனி சேர்த்தபோது சாறு குமிழி விட்டது. உயிரணு செத்துவிட்டது, வேலை நடக்கிறது! அதற்கு 1907இல் நோபல் பரிசு. அந்த மனிதர் முதலாம் உலகப் போருக்குப் போய், 1917 ஓகஸ்ற்றில் ருமேனியாவின் ஃபொக்ஷானியில் காயம்பட்டு இறந்துபோனார். போர்முனை வைத்தியசாலையில். வயது 57.

சரி, 11ஆம் வீட்டுக்கு வருவோம். அதற்கு முன் ஒரு கிழங்குக் கதை.

ரஸல் மார்க்கர் ஒரு முரட்டுப் பிடிவாதக்காரர். பட்டத்துக்குத் தேவையான ஒரு பாடத்தைப் படிக்க மாட்டேன் என்று கலாநிதிப் பட்டத்தையே விட்டுவிட்டு வந்தவர். தாவரங்களிலுள்ள டயோஸ்ஜெனின் என்ற பொருளிலிருந்து ஒரு சில படிகளில் புரொஜெஸ்ரரோன் என்ற ஓமோனைச் செய்யலாம் என்று கண்டுபிடித்தார். பொருள் நிறைய வேண்டும். மெக்சிக்கோவில், வேராக்ரூஸ் பக்கம், 'கபேஸா தே நெக்ரோ' என்று ஒரு பெரிய காட்டுக் கிழங்கு இருப்பதாக அறிந்து 1942இல் பஸ் ஏறிப் போனார். ஸ்பானிய மொழி சரியாகத் தெரியாது. ஒரு சின்னக் கடைக்காரர் கிழங்கு பிடுங்கிக் கொடுத்தார். அமெரிக்க மருந்துக் கொம்பனிகள் பணம் போட மறுத்தன. மார்க்கர் பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு, தானே கிழங்கு வாங்கி, ஏறத்தாழ 3 கிலோ புரொஜெஸ்ரரோன் செய்து, பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு மெக்சிக்கோ நகரத்தில் ஒரு சின்ன மருந்துக் கொம்பனியின் கதவைத் தட்டினார். அப்போது அதன் விலை கிராமுக்கு 80 டொலர். அந்தக் கொம்பனிக்காரரோடு சேர்ந்து 1944இல் தொடங்கியதுதான் சிந்தெக்ஸ். ஒரு வருடத்தில் சண்டை பிடித்துக்கொண்டு வெளியேறிவிட்டார். மெக்சிக்கோவில் தன் முறைக்குக் காப்புரிமைகூட எடுக்கவில்லை.

அந்தக் கிழங்கின் தாவரப் பேரினம் டயோஸ்கோரியா. பெயரைத் தேடிப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. எங்கள் இராசவள்ளிக் கிழங்கும் டயோஸ்கோரியாதான்! தேங்காய்ப்பாலும் சீனியும் போட்டு ஊதா நிறத்தில் கிண்டுகிறோமே, அதன் ஒன்றுவிட்ட சகோதரம் மெக்சிக்கோக் காட்டில் இருந்திருக்கிறது. இதைச் சொன்னதும் யாராவது "இராசவள்ளி சாப்பிட்டால் ஓமோன் ஊறும்" என்று வட்ஸ்அப்பில் போட்டுவிடுவீர்கள், எனவே தாதியாக ஒரு வார்த்தை: டயோஸ்ஜெனினை ஓமோனாக மாற்றும் ஏற்பாடு எங்கள் உடம்பில் இல்லை. அந்த மாற்றம் ஆய்வுகூடத்தில்தான் நடக்கும். காட்டுக் கிழங்குக் களிம்பு என்று விற்பதை வாங்கிப் பூசாதீர்கள்.

புரொஜெஸ்ரரோன் மலிந்தது. ஆனால் அதன் 11ஆம் வீடு வெறுமை. இங்கேதான் மிச்சிகன் மாநிலத்து கலமசூவில், அப்ஜோன் கொம்பனியில், டியூரி பீற்றர்சன் என்ற இரசாயனவியலாளரும் ஹேர்பேர்ட் மரே என்ற நுண்ணுயிரியலாளரும் வருகிறார்கள். எங்கள் அதிரினல் சுரப்பியிலுள்ள ஒரு நொதியம் ஒவ்வொரு நாளும் சத்தமில்லாமல் 11இல் ஒட்சிசனைப் போடுகிறது. மிருகத்தின் சுரப்பிக்கு அது முடியுமென்றால், பூஞ்சணத்துக்கு முடியாதா? இதுதான் அவர்களுடைய யோசனை. 1952இல் முடிவை வெளியிட்டார்கள். பழைய பாணில் சாம்பல் நிறமாய்ப் பஞ்சு போல வந்து பிறகு கறுப்புப் புள்ளி வைக்குமே, அந்தக் குடும்பத்துப் பூஞ்சணம், ரைஸோபஸ். அதை வளர்த்த தொட்டிக்குள் புரொஜெஸ்ரரோனைப் போட்டால் அது ஒரே படியில் 11ஆம் இடத்தில் ஒட்சிசனைக் கொண்டுபோய் வைத்தது. கொதிக்க வைக்கவில்லை, கடும் அமிலம் ஊற்றவில்லை. தண்ணீர், காற்று, மிதமான சூடு.

ஏன் 11 மட்டும்? நொதியத்தின் மேலுள்ள ஒரு பள்ளத்துக்குள் ஸ்டெரொய்ட் மூலக்கூறு போய் ஒரு பக்கமாகத்தான் படுக்க முடியும். அப்படிப் படுத்தால் நொதியத்தின் கூரான இடத்துக்கு நேரே வருவது 11ஆம் காபன். குழந்தையின் மெல்லிய நரம்பில் ஊசி ஏற்றும்போது, கையை ஒரு குறிப்பிட்ட வாட்டத்தில் பிடித்துத் தருகிற சக தாதியைத்தான் நினைத்துக்கொள்வேன். ஊசி குத்துவதைவிட அந்தப் பிடிதான் பெரிய காரியம்.

அப்ஜோன் சிந்தெக்ஸிடம் 10 தொன் புரொஜெஸ்ரரோன் கேட்டது. கிராம் கணக்கில் விற்ற பொருள்! சில வருடங்களில் கோர்ட்டிசோன் 200 டொலரிலிருந்து கிராமுக்கு 6 டொலர் அளவுக்கு இறங்கியது.

அதே காலத்தில் சிக்காகோவில் பேர்சி ஜூலியன் என்ற கறுப்பின இரசாயனவியலாளர் சோயாவிலிருந்து 'பொருள் எஸ்' என்ற ஸ்டெரொய்டைச் செய்திருந்தார். ஹைட்ரோகோர்ட்டிசோனுக்கும் அதற்கும் வித்தியாசம் அந்த 11ஆம் ஒட்சிசன் ஒன்றுதான். அதையும் வேறொரு பூஞ்சணம் போட்டுக் கொடுத்தது. அவர் வெள்ளையர் வாழும் ஓக் பார்க்கில் ஒரு வீடு வாங்கினார். 1950இல் குடிபுகுமுன்பே அதற்குத் தீ வைக்கப் பார்த்தார்கள். அடுத்த வருடம் டைனமைற் வீசினார்கள், பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது. அதற்குப் பிறகும் அவர் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. ஊசிக் குப்பியைக் கையில் எடுக்கும்போது சிலவேளை எனக்கு அந்த வீடு ஞாபகம் வரும்.

மெக்சிக்கோவிலோ 'பார்பஸ்கோ' என்ற இன்னொரு கிழங்கைத் தேடி ஆயிரக்கணக்கான விவசாயிகள் காட்டுக்குள் போனார்கள். கிண்டி, முதுகில் சுமந்து, நறுக்கிப் புளிக்க வைத்து, வெயிலில் காயவைத்து கிலோ கணக்கில் விற்றார்கள். அது எதற்குப் போகிறது என்று பலருக்குத் தெரியாது. 1975இல் மெக்சிக்கோ அரசு தானே ஒரு நிறுவனம் அமைத்து நல்ல விலை பெறப் பார்த்தது. அதற்குள் கொம்பனிகள் சோயா போன்றவற்றின் தாவர ஸ்டெரோல்களை நுண்ணுயிர்களைக் கொண்டு உடைக்கும் வழியைப் பிடித்துவிட்டன. கிழங்கைத் தேடி வருவோர் குறைந்துபோயினர். உலகத்தின் மூட்டு வலியைக் குறைத்தவர்களின் கையில் மண்வெட்டி மிஞ்சியது. இந்த வரலாற்றில் எனக்கு ஆறாத இடம் இது.

என் தள்ளுவண்டிக் குளிசைக்கு இன்னும் ஒரு படி பாக்கி. கோர்ட்டிசோனின் பக்கவிளைவுகள் சில வருடங்களிலேயே தெரிந்துவிட்டன: முகம் வட்டமாய் வீங்குவது, எலும்பு தேய்வது, சீனி ஏறுவது, மனம் குழம்புவது, உடலில் உப்பும் தண்ணீரும் தேங்குவது. நியூ ஜேர்சியில் ஷெரிங் கொம்பனியின் ஆதர் நொபீல் ஒரு பக்ரீரியாவைக் கொண்டு 1ஆம், 2ஆம் வீடுகளுக்கிடையிலிருந்து இரண்டு ஐதரசன்களைக் கழற்றுவித்தார். அவ்வளவுதான் மாற்றம். அழற்சியை அடக்கும் பலம் ஏறத்தாழ நான்கு மடங்கு, உப்புத் தேங்குவது குறைவு. 1955இல் சந்தைக்கு வந்த பிரெட்னிசோன், பிரெட்னிசொலோன் இவைதான். ஹைட்ரோகோர்ட்டிசோன் 20 மில்லிகிராம் செய்வதைப் பிரெட்னிசொலோன் 5 மில்லிகிராம் செய்யும் என்று நாங்கள் மனப்பாடம் செய்கிறோமே, அந்தக் கணக்கின் பின்னால் ஒரு பக்ரீரியா உட்கார்ந்திருக்கிறது.

அம்மாவின் விரல்களை அந்தக் குளிசைதான் இத்தனை வருடம் அசைய வைத்தது. அதுவே எலும்பைத் தின்றது. சலரோகத்துக்கும் அதற்குப் பங்குண்டு. இப்போது அம்மாவுக்கு 74 வயது, எங்களோடுதான் இருக்கிறா. சீனிக்குப் போடுகிற குளிசை சிற்றாகிளிப்ரின். உங்கள் வீடுகளிலும் பலர் போடுவீர்கள். ஜனுவியா என்ற பெயரில் 2006இல் வந்தது. முதலில் அதைச் செய்தபோது ரோடியம் என்ற, தங்கத்தைவிட விலைகூடிய உலோகத்தை ஊக்கியாக வைத்து, உயர் அமுக்கத்தில் ஐதரசன் ஏற்றினார்கள். மேர்க்கும் கொடெக்சிஸும் சேர்ந்து அதற்குப் பதிலாக ஒரு நொதியத்தைத் தேடின. மண் பக்ரீரியா இனமொன்றிலிருந்து எடுத்த நொதியம் இந்த மூலக்கூறை ஏற்கவே இல்லை, பள்ளம் சிறிது. ஆகவே நொதியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, நல்லதைத் தெரிந்து, திரும்ப மாற்றி, விதைநெல் பொறுக்குவது போல, சுற்றுச் சுற்றாகப் போய், 27 இடங்களில் மாறிய ஒன்றை எடுத்தார்கள். 2010இல் வெளியான கணக்குப்படி கழிவு 19 சதவீதம் குறைந்தது. உலோகமும் வேண்டாம், அமுக்கமும் வேண்டாம். நொதியத்தை இப்படி வளர்த்தெடுக்கும் வழியைக் காட்டிய பிரான்சிஸ் ஆர்னோல்டுக்கு 2018இல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது.

இந்த உரைக்கு எழுதிக்கொண்டிருந்தபோது போன கிழமை அம்மாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். கிழங்கு, பாண் பூஞ்சணம், மண்ணிலிருக்கும் கிருமி, வீட்டுக்குக் குண்டு எறிந்த கதை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டா. நித்திரையாகிவிட்டா என்று நினைத்தேன்.

"அந்த அப்போதிக்கரி ஐயாவின்ரை பெயர் என்ன பிள்ளை?" என்று கேட்டா.

எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியாது. அந்த மண்டபத்தில் நாங்கள் கேட்கவே இல்லை. பிறகு, "சரி, நாளையான் குளிசையை எடுத்துப் பெட்டிக்கை போட்டுவிடு, மறந்துபோவாய்" என்றா. போட்டுவிட்டுத்தான் படுத்தேன்.